எருப் பெட்டியில் குரோஸ் (சாஃப்ட் மூட்டின் சிலுவைத் துண்டு) உடைந்துகொண்டே இருக்கிறது, உதவி தேவை

தம்பலகாமத்தான்:
வணக்கம். மாட்டெரு வீச, டிராக்டரில் கொளுவி இழுக்கும் ஒரு பெட்டி செய்வித்தேன். பெரும்போக மழை விழுந்தால் எங்கள் வயலில் சும்மா பெட்டி புதைந்துவிடும். அதனால் பழைய லொறியின் பின் அச்சைப் போட்டு, மாசி 240 டிராக்டரின் பி.டி.ஓ.வில் (பின்னால் சுற்றும் வெளித்தண்டு) சாஃப்ட் மாட்டிப் பெட்டிச் சில்லுகளையும் இழுக்க வைத்தோம். சேற்றில் பரவாயில்லை. தார் வீதியில் ஏறினால் ஒரே உதறல். இரண்டு கிழமையில் இரண்டு குரோஸ் போய்விட்டன. அச்சிலிருந்து எண்ணெயும் சொட்டுகிறது. செய்தவர் குரோஸ் தரமில்லை என்கிறார்.

நிலாவெளி:
பெரிய லொறிக் குரோஸ் போட்டுப் பாருங்கள்.

கிண்ணியா நானா:
வேண்டாம் தம்பி, அடுத்ததாக அச்சுக்குள் இருக்கும் கிரவுன் சக்கரத்தின் பல் உடையும். பி.டி.ஓ. லீவர் எஞ்சின் பக்கமா, தரைவேகப் பக்கமா (டிராக்டர் சில்லு உருள்வதற்கு ஏற்பச் சுற்றுவது)? அச்சு நேராக இருக்கிறதா, தலைகீழா?

தம்பலகாமத்தான்:
தரைவேகம்தான் நானா. நேராகப் போட்டபோது சில்லு பின்னுக்குச் சுற்றியது, அதனால் தலைகீழாகப் போட்டார்கள்.

கிண்ணியா நானா:
அது சரியான வேலை. பி.டி.ஓ. சுற்றும் திசை லொறி சாஃப்டுக்கு எதிர். ஆனால் தலைகீழானதும் அச்சுக் கூட்டின் காற்றுத் துளை அடியில் வந்துவிட்டது, எண்ணெய் அதனால்தான் சொட்டுகிறது. அதை அடைத்து மேலே புதிதாகத் துளையுங்கள். எண்ணெய் மட்டத்தையும் புதிதாகப் பாருங்கள், கிரவுனைச் சுற்றும் சின்னப் பற்சக்கரமான பினியன் இப்போது மேலே நிற்கிறது.

குரோஸ் உடைவது வேறு கதை. சோக்கால் கோடு போட்டு, டிராக்டர் பின் சில்லு 10 சுற்று போகும்போது பி.டி.ஓ. எத்தனை சுற்று, எத்தனை மீற்றர் என்று அளங்கள். பிறகு சாஃப்டைக் கழற்றி, எரு ஏற்றிய பெட்டியை இழுத்து, பெட்டிச் சில்லு 10 சுற்று போகும்போது அச்சு முனை எத்தனை சுற்று, எத்தனை மீற்றர் என்று அளங்கள்.

தம்பலகாமத்தான்:
டிராக்டர் 39.6 மீற்றர், 78 சுற்று. பெட்டி 25 மீற்றர், 58.5 சுற்று.

கிண்ணியா நானா:
பார்த்தீர்களா! சாஃப்டின் ஒரு சுற்றுக்கு டிராக்டர் 50.8 சென்ரிமீற்றர் போகிறது, பெட்டியோ 42.7தான் போகப் பார்க்கிறது. டிராக்டர் 100 மீற்றர் போனால் பெட்டிக்கு 84தான் கணக்கு. சேற்றில் டிராக்டர் சில்லு வழுக்கிச் சமாளிக்கிறது. தாரில் வழுக்க இடமில்லை, சாஃப்ட் முறுக்கிக்கொள்கிறது. குரோஸைத் திட்டி என்ன செய்வது?

இடையில் செயின் போடுங்கள்: பி.டி.ஓ. பக்கம் 19 பல், அச்சுப் பக்கம் 16. இதிலும் சில்லுத் தேய்மானத்துக்கு ஏற்பக் கொஞ்சம் பிசகும், ஆகவே வீதியில் ஓடும்போது அச்சுக்குப் போகும் சுற்றை விடுவிக்க ஒரு லீவர் கட்டாயம். இன்னொன்று, தரைவேகத்தில் கிளட்சை மிதித்தாலும் டிராக்டர் உருண்டால் சாஃப்ட் சுற்றும். பக்கத்தில் யாரையும் நிற்க விடாதீர்கள்.

தம்பலகாமத்தான்:
லேத்தில் கொடுத்துச் செய்தாயிற்று நானா. எண்ணெய் நின்றுவிட்டது, உதறலும் இல்லை. ஒன்றுதான், டிராக்டரைப் பின்னுக்கு எடுத்தால் எரு வீசும் கத்திகளும் எதிர்ப்பக்கம் சுற்றுகின்றன.

கிண்ணியா நானா:
தரைவேகம் அல்லவா, அப்படித்தான் சுற்றும். பின்னுக்கு எடுக்குமுன் பி.டி.ஓ. லீவரை நடுவில் போடுங்கள்.