எல்லாரும் '90% முடிஞ்சிடுச்சு'ன்னு சொல்றாங்க, வண்டி மட்டும் ஓடல: ப்ராஜெக்ட் வேலையை எப்படிப் பிரிப்பது?

கடைசிபெஞ்ச்_மெக்கட்ரானிக்ஸ்:

அண்ணன், அக்கா எல்லாருக்கும் வணக்கம். இறுதியாண்டு ப்ராஜெக்ட். கறுப்புக் கோட்டைப் பார்த்து ஓடுற சுமை வண்டி, 30 கிலோ ஏத்தணும். இஎஸ்பி32 (கன்ட்ரோலர் போர்டு), 12 வோல்ட் கார் வைப்பர் மோட்டார் 2, பிடிஎஸ்7960 டிரைவர் (மோட்டாரை இயக்குற சர்க்யூட்) 2, லெட் ஆசிட் பேட்டரி. நாலு பேர் டீம்: ஒருத்தர் ஃபிரேம், ஒருத்தர் சர்க்யூட், ஒருத்தர் கோடிங், ஒருத்தர் ரிப்போர்ட். ரெண்டாவது ரிவ்யூவுக்கு 5 வாரம் இருக்கு.

யாரைக் கேட்டாலும் 90% முடிஞ்சதுங்கறாங்க. சேர்த்து வச்சா எதுவும் பொருந்தல. ஃபிரேமில் போட்ட ஓட்டை மோட்டாருக்குச் சேரல. ஃபிரேம் வர்ற வரைக்கும் கோடிங் பையன் சும்மா இருக்கான். கான்ட் சார்ட் (எந்த வேலை எந்த வாரம்னு காட்டுற அட்டவணை) பிபிடியில மட்டும்தான் உயிரோட இருக்கு. ஒருத்தன் ரெண்டு வாரமா லேப் பக்கமே வரல. இனி எப்படிப் பிரிச்சுக்கறது?

சால்டர்_புகை:

தம்பி, நீங்க பொருளைப் பிரிச்சிருக்கீங்க, இணைப்பை யாருக்கும் கொடுக்கல. உங்க வண்டியில தகராறு வரப்போற இடம் நாலுதான்: மோட்டாரும் ஃபிரேமும், டிரைவரும் கன்ட்ரோலரும், சென்சாரும் தரையும், பேட்டரியும் மத்த எல்லாமும். ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு பெயர் எழுதுங்க. ரெண்டு பெயர் எழுதினா ரெண்டு பேரும் மத்தவர் பார்த்துப்பார்னு விட்டுடுவாங்க.

வைப்பர் மோட்டாரையே எடுத்துக்குங்க. பல மாடல்களில் நெகட்டிவ் பிரஷ் மோட்டார் பாடியோட சேர்ந்திருக்கும். காருக்கு அது சரி. உங்க டிரைவர் மோட்டாரை ரிவர்ஸில் சுத்தும்போது அந்தப் பாடியில 12 வோல்ட் வரும். ஒரு மோட்டார் முன்னாடியும் இன்னொண்ணு பின்னாடியும் சுத்தினா, இரும்பு ஃபிரேம் வழியா நேரடி ஷார்ட். ஃபிரேம்காரருக்கு மின்சாரம் தன் வேலையில்ல, சர்க்யூட்காரருக்கு போல்ட் தன் வேலையில்ல. டிரைவர் புகையும்போதுதான் ரெண்டு பேருக்கும் தெரியும். மாட்டுறதுக்கு முன்னாடியே மல்டிமீட்டரில் பாடிக்கும் ஒயருக்கும் கன்டினியூட்டி (மின் தொடர்பு) இருக்கான்னு பாருங்க. இருந்தா நடுவில் மின்சாரம் கடத்தாத பேக்லைட் தகடு, போல்ட்டுக்கு நைலான் புஷ், நைலான் வாஷர்.

அடுத்து, இன்னைக்கே ஒரு ஏ4 தாளில் பின் அட்டவணை போடுங்க. எந்த பின், எந்த சிக்னல், எத்தனை வோல்ட், ஒயர் நிறம், கனெக்டர். சர்க்யூட்காரரும் கோடிங்காரரும் சேர்ந்து உட்கார்ந்து கையெழுத்துப் போடணும். இஎஸ்பி32-ல் 34 முதல் 39 வரை இன்புட் மட்டும்தான், உள்ளே புல்-அப்பும் (சிக்னலை ஹையில் பிடிச்சு வைக்கிற ரெசிஸ்டர்) கிடையாது. 6 முதல் 11 வரை ஃபிளாஷ் மெமரிக்குப் போயிடுச்சு, தொடாதீங்க. 12-ஆம் பின் பூட் ஆகும்போது ஹை ஆக இருந்தா பல போர்டுகள் எழுந்திருக்கவே மாட்டாது. வைஃபை ஓடும்போது ஏடிசி2 (அனலாக் படிக்கிற ரெண்டாவது பிரிவு) பின்களில் அனலாக் படிக்க முடியாது. இதெல்லாம் தெரியாம சால்டர் பண்ணிட்டு, 'புரோகிராம் தப்பு', 'ஒயரிங் தப்பு'ன்னு ஒரு வாரம் சண்டை போடறதுதான் வழக்கம்.

லேத்_பட்டறை:

ஃபிரேமுக்காக யாரும் காத்திருக்க வேண்டாம். 12 மி.மீ. ப்ளைவுட்டில் 600 × 400 துண்டு ஒண்ணு அறுத்து, மோட்டார், காஸ்டர் (சுழல் சக்கரம்), பேட்டரி எல்லாத்தையும் அதுல மாட்டுங்க. அரை நாள் வேலை. கோடிங் தம்பி நாளைக்கே கோடு பின்தொடர்றதை ஆரம்பிக்கலாம். மோட்டார் ஓட்டை எங்க வரணும்னு பலகையில முதல்ல தெரிஞ்சா, இரும்புல தப்பு வராது. அந்த ஓட்டையை டேட்டாஷீட்டைப் பார்த்துப் போடாம, கையில இருக்கிற மோட்டாரை வெர்னியரில் அளந்து போடுங்க. ஒரு எச்சரிக்கை: மேலே சொன்ன பாடி ஷார்ட் மரப்பலகையில தெரியாது, இரும்புக்கு மாறும்போதுதான் முகம் காட்டும். அதனால கன்டினியூட்டி சோதனையை இப்பவே முடிச்சிடுங்க.

எடை விஷயத்தையும் எழுதி வைங்க. வண்டி 12 கிலோ, சுமை 30 கிலோ, 150 மி.மீ. சக்கரம், 20-க்கு 1 சரிவு, மெதுவான வேகமெடுப்பு எல்லாம் சேர்த்தா ஒவ்வொரு மோட்டார் சக்கரத்துக்கும் ஏறக்குறைய 1.7 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்று விசை) வேணும். நொடிக்கு அரை மீட்டர் போக 64 ஆர்பிஎம். ஃபிரேம்காரர் 'ஸ்ட்ராங்கா இருக்கட்டும்'னு 5 மி.மீ. தகடு போட்டு 20 கிலோ ஆக்கினா இந்தக் கணக்கு மொத்தமும் மாறும். ஃபிரேம் 8 கிலோவைத் தாண்டக்கூடாதுன்னு ஒரு எண்ணைக் கொடுத்துடுங்க.

சென்சார் பட்டையை 30 கிலோ ஏத்தின பிறகு அளந்து மாட்டணும். டிசிஆர்டி5000 சென்சார் தரையிலிருந்து 5 மி.மீ. அளவுல நல்லா வேலை செய்யும். காலி வண்டியில 5 வச்சா, சுமை ஏறினதும் ஃபிரேம் தொய்ஞ்சு தரையைத் தேய்க்கும். பட்டைக்கு நீளத் துளை போட்டா ஏத்தி இறக்கிக்கலாம்.

அப்புறம், வெளி வேலை. லேசர் கட்டிங் கடைக்கு டிஎக்ஸ்எஃப் ஃபைல் (வெட்டுறதுக்கான வரைபடம்) கொடுத்தா வெட்டுறது பத்து நிமிஷம், வரிசை நாலு நாள். மாதாந்திர மின்தடை நாளில் கடை ஓடாது. ஃபைலில் அளவு மில்லிமீட்டரிலா அங்குலத்திலான்னு கேட்டு உறுதி பண்ணுங்க.

பட்டியல்_பைத்தியம்:

கான்ட் சார்ட்டைக் குறை சொல்ல வேண்டாம், அதை முன்னாலிருந்து போட்டதுதான் தப்பு. ரிவ்யூ தேதியை வச்சுப் பின்னாடி வாங்க.

ரிவ்யூவுக்கு 3 நாள் முன்னாடி புரோகிராமுக்குப் பூட்டு, ஒரு வரி மாற்றமும் கிடையாது. 7 நாள் முன்னாடி முழுச் சுமையோட 10 நிமிஷம் ஓட்டம். 14 நாள் முன்னாடி இரும்பு ஃபிரேமில் எல்லாம் மாட்டி முடிஞ்சிருக்கணும். 21 நாள் முன்னாடி தகடு கையில். அப்படின்னா டிஎக்ஸ்எஃப் கடைக்குப் போற கடைசி நாள் இன்னைலிருந்து பத்து நாளுக்குள்ள வந்துடுது, பார்த்தீங்களா? பிசிபியை (சர்க்யூட் போர்டை) வெளிநாட்டில் ஆர்டர் பண்ற யோசனை இருந்தா இந்த ரிவ்யூவுக்கு விட்டுடுங்க. பொது பிசிபி போதும். அதுலயும் மோட்டார் கரன்ட்டை மட்டும் தனித் தடிமன் ஒயரில் கொண்டு போங்க. நடுவில் இன்டர்னல் டெஸ்ட், பிளேஸ்மென்ட் டிரைவ் வர்ற நாட்களை முதல்லயே அடிச்சிடுங்க. அந்த வாரம் யாரும் லேபுக்கு வரமாட்டாங்க, வருவோம்னு சத்தியம் பண்ணாலும்.

90% என்கிற வார்த்தையைத் தடை பண்ணுங்க. ஒரு வேலை 0 அல்லது 1. எந்த வேலையும் 2 நாளைத் தாண்டக்கூடாது, தாண்டினா உடைங்க. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல சோதனையை எழுதணும். 'மோட்டார் டிரைவர்' என்பது வேலையே இல்ல. '30 கிலோவோட 10 நிமிஷம் ஓடி, ஹீட் சிங்க்கில் கை வைக்க முடியணும்' என்பது வேலை. 'பவர் சப்ளை' இல்ல, 'மோட்டாரை நின்ன இடத்துல இருந்து 20 தடவை கிளப்பியும் இஎஸ்பி32 ரீசெட் ஆகல'. (பெரும்பாலும் ஆகும். மோட்டார் கிளம்பும்போது பேட்டரி வோல்டேஜ் இறங்கும். வோல்டேஜைக் குறைக்கிற எல்எம்2596 மாட்யூலுக்கு ஒயரை நேரா பேட்டரி முனையிலிருந்து எடுத்து, இன்புட்டில் 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைங்க. இஎஸ்பியை மாட்டறதுக்கு முன்னாடி மீட்டர் வச்சு 5 வோல்ட்டுக்குத் திருகணும்; வாங்கினபோது எத்தனை வோல்ட்ல இருக்கும்னு சொல்ல முடியாது.)

எத்தனை நாள் ஆகும்னு தெரியாத வேலைக்கு மூணு எண் கேளுங்க: எல்லாம் நல்லா நடந்தா 2, வழக்கமா 4, சொதப்பினா 12. வழக்கமானதை நாலால் பெருக்கி மூணையும் கூட்டி ஆறால் வகுத்தா 5 நாள். பையன் சொல்ற 'ரெண்டு நாள்ல முடிச்சுடுவேன்'ஐ விட இது நிஜத்துக்குப் பக்கம்.

கடைசிபெஞ்ச்_மெக்கட்ரானிக்ஸ்:

ரொம்ப நன்றி. இப்பதான் மீட்டர் வச்சுப் பார்த்தேன், ரெண்டு மோட்டார்லயும் பாடி கன்டினியூட்டி அடிக்குது. வராதவனை என்ன பண்ண? புரோகிராமும் ரெண்டு பேர் லேப்டாப்ல ரெண்டு மாதிரி இருக்கு.

லேப்_அக்கா:

புரோகிராமுக்கு ஒரு கிட் ரெப்போ (ஒவ்வொரு மாற்றத்தையும் சேமிக்கிற பொது இடம்), அதோட மெயின் பிராஞ்ச்சில் (முதன்மைப் பதிப்பில்) இருக்கிறது எப்பவும் வண்டியில ஓடணும். பின் எண்கள் எல்லாம் ஒரே ஹெடர் ஃபைலில், அந்த ஏ4 தாளோட வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போகணும். கிட் பழகலன்னா இப்ப கத்துக்க நேரமில்ல. தேதி போட்ட ஃபோல்டர், சேர்க்கிறது ஒரே ஆள்.

திங்கள், வியாழன் 15 நிமிஷம், வண்டி பக்கத்துல நின்னு பேசுங்க. கேன்டீன் வேண்டாம். ஒவ்வொருத்தரும் ஓடுற ஒண்ணைக் காட்டணும், சொல்றது கணக்கில்ல. முடிவை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்க. வாட்ஸ்அப் குரூப்பில் எடுத்த முடிவு மீம்ஸுக்கு அடியில போயிடும்.

வராதவருக்குப் பெரிய வேலை கொடுத்துட்டுக் காத்திருக்காதீங்க. யாரும் அவரை நம்பி நிக்காத, ஆனா கண்ணுக்குத் தெரியற வேலை கொடுங்க: சோதனை அட்டவணை எடுக்கிறது, ஃபியூஸ் பாக்ஸ், எமர்ஜென்சி ஸ்டாப் ஒயரிங். முதல்ல தனியா கேளுங்க, வீட்டுச் சூழ்நிலையாகவும் இருக்கலாம். ரெண்டு மீட்டிங் நோட்டில் அவர் பெயருக்கு எதிரே காலியா இருந்தா, அந்த நோட்டோட ப்ராஜெக்ட் கைடைப் பாருங்க, ரிவ்யூவுக்கு முன்னாடி நாள் இல்ல, இந்த மாசமே. ரிவ்யூவில் 'இதுல உன் பங்கு என்ன?'ன்னு ஒவ்வொருத்தரையும் தனித்தனியா கேப்பாங்க. அப்பவும் அந்த நோட்டுதான் உதவும்.

இன்னொண்ணு. ரிப்போர்ட்டுக்கு மட்டும் ஒரு ஆள் வேண்டாம். அவருக்கு சென்சார்-தரை இணைப்பைக் கொடுங்க. அவங்கவங்க பக்கத்தை அந்த வேலை முடிஞ்ச வாரமே எழுதணும், ஃபோட்டோவோட. ஃபிரேமுக்கு பெயின்ட் அடிச்ச பிறகு வெல்டிங் ஃபோட்டோ கேட்டா எங்க போவீங்க?

சால்டர்_புகை:

பாடி கன்டினியூட்டி அடிக்குதுன்னா பேக்லைட் தகட்டோட தடிமனை டிஎக்ஸ்எஃப் அனுப்பறதுக்கு முன்னாடி ஃபிரேம்காரர்கிட்ட சொல்லுங்க. 5 மி.மீ. தகடு போட்டா ஷாஃப்ட் வெளியே நீள்றது 5 மி.மீ. குறையும், சக்கர ஹப் பிடிக்குமான்னு பலகையிலயே பார்த்துடுங்க.