66 ஆண்டெனா, யாருக்கு எவ்வளவு?

மாமா: சிலியில் இருக்கும் அல்மா தொலைநோக்கி பற்றிப் படித்தேன். ஐரோப்பா, வட அமெரிக்கா, கிழக்கு ஆசியா என்று ஊர்ப்பட்ட பங்காளிகள்! நம் கூட்டுக் கிணற்றில் முறை வைத்து இறைத்ததிலேயே இரண்டு தலைமுறை முகம் கொடுத்துப் பேசவில்லை. அங்கே மட்டும் எப்படி?

நிலா: அங்கேயும் முறைதான் மாமா. நிலம் தந்த சிலிக்கு நோக்கும் நேரத்தில் 10 சதவீதம். ஐரோப்பாவுக்கு 33.75, வட அமெரிக்காவுக்கும் அதே அளவு, கிழக்கு ஆசியாவுக்கு 22.5.

அண்ணன்: தசமப் புள்ளி வரைக்குமா? பத்திரம் எழுதியவர் கெட்டிக்காரர்.

நிலா: முதலில் அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் மூன்றும் தனித்தனித் திட்டம் வைத்திருந்தன. தனியாகக் கட்டினால் இவ்வளவு பெரிதாக யாருக்கும் அமையாது. 1999இல் முதல் இருவரும் கைகோத்தார்கள். ஜப்பான் 2004இல் சேர்ந்தது.

சித்தி: சண்டையே இல்லையா?

நிலா: ஆண்டெனா வடிவத்தில் ஒத்துப்போகவில்லை சித்தி. 66 ஆண்டெனாக்கள் சேர்ந்து ஒரே தொலைநோக்கியாக வேலை செய்வதுதான் அல்மா. ஐரோப்பா 25, வட அமெரிக்கா 25, ஜப்பான் 16 என்று அவரவர் நிறுவனத்தில், அவரவர் வடிவமைப்பில் செய்தார்கள்.

மாமா: அப்படியானால் உதிரிபாகமும் மூன்று வகை. வீண் செலவு!

நிலா: எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் தன் காசு தன் நாட்டுத் தொழிற்சாலைக்குப் போகாவிட்டால் எந்த அரசு தாராளமாகக் கொடுக்கும்? நல்லவேளை, தூக்கிச் செல்லும் வண்டி மட்டும் மூன்றுக்கும் பொது. 28 சக்கரம், 130 டன். அப்படி இரண்டு வண்டிகள், ஓட்டோ, லோரே என்று பெயர். ஆண்டெனாக்களை 16 கிலோமீட்டர் வரை பரப்பி வைக்க அவைதான் சுமக்கின்றன.

அண்ணன்: 5,000 மீட்டர் உயரத்தில் ஏன் போய்க் கட்டினார்கள்?

நிலா: அல்மா பிடிப்பது விண்ணிலிருந்து வரும் மில்லிமீட்டர் அலைகளை, அதாவது மிகக் குறுகிய ரேடியோ அலைகளை. காற்றில் உள்ள நீராவி அவற்றை விழுங்கிவிடும். அங்கே ஈரம் மிகமிகக் குறைவு.

சித்தி: அவ்வளவு உயரத்தில் சோறு வேகுமா?

நிலா: தண்ணீர் சுமார் 83 டிகிரியிலேயே கொதித்துவிடும் சித்தி, அரிசி விறைத்துக்கொண்டுதான் நிற்கும். அதனால் தங்குவதும் சாப்பிடுவதும் 2,900 மீட்டரில் உள்ள முகாமில். மேலே வேலைக்குப் போகிறவர்கள் ஆக்சிஜனோடு போகிறார்கள்.

மாமா: இத்தனை பேர் சேர்ந்து கண்டது என்ன?

நிலா: 2014இல் எச்.எல். டாவ் என்ற இளம் விண்மீனைப் படம் எடுத்தார்கள். சுமார் 450 ஒளியாண்டு தொலைவு. அதைச் சுற்றிய தூசித் தட்டில் கோடு கிழித்தது மாதிரி வளையம் வளையமாக இடைவெளிகள். கோள்கள் உருவாகிக்கொண்டிருப்பதற்கான தடயம் என்கிறார்கள். பிறந்து பத்து லட்சம் ஆண்டுதான் இருக்கும், அதற்குள் கோளா என்று ஆய்வாளர்களே திகைத்துப்போனார்கள். இதோ, அந்தப் படம்.

அண்ணன்: சுருக்காமல் முழு அளவில் அனுப்பு. இதில் ஒரு வளையம்கூடத் தெரியவில்லை.