உப்பு உயிரிகளின் பியூரின் நொதிகளோடு (டி.என்.ஏ.வின் ஏ, ஜி எழுத்துகளின் வகைப் பொருள்களைக் கையாளும் நொதிகள்) மல்லுக்கட்டியவர்கள் சொல்லுங்கள்

ஊட்டி:
தூத்துக்குடி உப்பளத்துச் செந்நீரிலிருந்து பிரித்த ஹாலோபாக்டீரியம் என்ற உப்பு விரும்பும் நுண்ணுயிரை இங்கே வளர்த்தேன். லிட்டருக்கு 250 கிராம் உப்பு, 37 டிகிரிக்குக் குறையாத சூடு, அப்புறம் நிறையப் பொறுமை. தட்டில் முதலில் தலைகாட்டுவது உப்புப் படிகம்தான், காலனி பிறகுதான் வரும்.

சுழற்றி இறக்கிய ரோஸ் நிறச் செல்கள்மேல் காய்ச்சி வடித்த நீரை விட்டுப் பாருங்கள். சட்டென்று வெடித்து, வெண்டைக்காய்ப் பிசின் போலக் கொழகொழவென்று ஆகிவிடும். பிப்பெட் நுனியைத் தூக்கினால் டி.என்.ஏ. நூலாகக் கூடவே வரும்.

செல்லுக்குள் ஏறக்குறைய 4 மோலார் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. அதற்கேற்ப நொதிகளின் மேற்பரப்பில் அஸ்பார்ட்டிக், குளுட்டாமிக் அமிலங்கள் மண்டிக்கிடக்கும். உப்பு குறைந்தால் எதிர்மின்சுமைகள் ஒன்றையொன்று தள்ளி, பல நொதிகள் மடிப்புக் குலைந்து அவிழ்ந்துவிடும். எல்லாமே அப்படி என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நியூக்ளியோசைடு டைபாஸ்பேட் கைனேஸைப் பாருங்கள். செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யின் பாஸ்பேட்டைக் குவனோசின் டைபாஸ்பேட்டுக்குக் கொடுத்து டிரைபாஸ்பேட் ஆக்கும் நொதி இது. அவிழ்ந்தபின் மறுபடி மடிய ஏகப்பட்ட உப்பு கேட்கும். மடிந்துவிட்டால் குறைந்த உப்பிலும் தாக்குப்பிடிக்கும்.

குன்னூர்:
தம்பி, நீராவி அழுத்தத்தில் ஊடகத்தைக் கிருமிநீக்கும் ஆட்டோக்கிளேவை விட்டுட்டீங்களே! ஊட்டி 2,240 மீட்டர் உயரம். முள் 15 பவுண்டு அழுத்தம் காட்டினாலும் உள்ளே 117 டிகிரிதான்; 121 வேண்டுமென்றால் 18.5 வரை ஏற்றணும். உப்பு ஊடகத்தில் வேறெதுவும் லேசில் முளைக்காது, அதனால் தெரியாது. மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவில் ஏற்றி நொதி தயாரிக்கும்போது சாதா ஊடகத்தில் இந்தச் சூட்டுக் குறை பல்லைக் காட்டிவிடும்.

புரதத்தின் எடை பார்க்க ஜெல் ஓட்டுவது இன்னொரு தலைவலி. பொட்டாசியம் உள்ள மாதிரியில் எஸ்.டி.எஸ். (புரதத்தை அவிழ்க்கும் சோப்பு போன்ற பொருள்) பட்டதும் வெள்ளையாகத் திரிந்துவிடும். முதலில் உப்பை இறக்கிவிடுவேன். அப்புறமும் அமிலப் புரதம் மெதுவாக ஓடி, உள்ளதைவிடக் கனமாகக் காட்டும்.

கோத்தகிரி:
நான் தேயிலைப் பக்கம், அக்கா. ஐ.எம்.பி.யை எக்ஸ்.எம்.பி.யாக மாற்றும் பியூரின் நொதியான ஐ.எம்.பி. டிஹைட்ரஜனேஸ் எங்கள் கொழுந்திலும் உண்டு. அது தரும் எக்ஸ்.எம்.பி.யிலிருந்து உங்கள் உப்பு உயிரி ஜி.எம்.பி. (குவனோசின் மோனோபாஸ்பேட்) செய்துகொள்கிறது, தேயிலையோ ஒரு பங்கை சாந்தோசின் வழியாகக் கஃபீனாக்கிவிடுகிறது. அளப்பது சுலபம், இந்த வினையில் என்.ஏ.டி.எச். என்ற துணைப்பொருள் உண்டாவதை 340 நானோமீட்டர் ஒளியில் பார்த்தால் போதும். இந்த நொதிக்குப் பொதுவாகவே பொட்டாசியம் தேவை, அதனால் சோடியம் உப்பை மட்டும் போட்டு அளக்காதீர்கள். ஒப்பீட்டுக்கு வைக்கும் பிளாங்க்கிலும் அதே அளவு பொட்டாசியம் குளோரைடு இருக்கட்டும்.