ஓப்பன் சோர்ஸ் (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருளுக்குப் பயனர் பணம் கொடுக்க வேண்டுமா? கொடுத்தால் யாருக்கு, எந்த வழியில்?

மடக்குவிசை:

மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்டு, உலாவ ஃபயர்ஃபாக்ஸ், ஆவணங்களுக்கு லிப்ரே ஆபீஸ், வரைய கிரிட்டா, விளம்பரம் தடுக்க யுபிளாக் ஆரிஜின், வீடியோ பார்க்க விஎல்சி. அன்றாட வேலை இந்த ஆறின் மேல்தான் ஓடுகிறது. வருடத்துக்கு 60 டாலர் ஒதுக்கலாம் என்று எண்ணம். ஒவ்வொன்றுக்கும் பத்து என்று பிரித்துக் கொடுத்தால் போதுமா? அந்தப் பணம் நிஜமாகவே நிரல் எழுதுபவர் கைக்குப் போகிறதா, நடுவில் எவ்வளவு கழிகிறது? "இதை வைத்துச் சம்பாதிக்கும் கம்பெனிகள் கொடுக்கட்டும், பயனர் ஏன் கொடுக்க வேண்டும்" என்ற வாதத்திலும் நியாயம் இருப்பதாகப் படுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரிவடிவன்:

கொடுங்கள். ஆனால் பத்துப் பத்தாக வேண்டாம், ஏனென்றால் இந்த ஆறுக்கும் பணம் போகும் பாதை ஒரே மாதிரி இல்லை.

முதலில் ஃபயர்ஃபாக்ஸ், இதில்தான் குழப்பம் அதிகம். மொசில்லா அறக்கட்டளையின் நன்கொடைப் பக்கத்தில் நீங்கள் போடும் பணம் ஃபயர்ஃபாக்ஸ் உருவாக்கத்துக்குப் போவதில்லை. உலாவியைச் செய்வது மொசில்லா கார்ப்பரேஷன்; அதன் வருமானத்தில் பெரும்பங்கு தேடுபொறி ஒப்பந்தங்களிலிருந்து, அதிலும் முக்கியமாக கூகுளிடமிருந்து வருகிறது. அறக்கட்டளையின் பிரசாரமும் ஆய்வுகளும் பிடித்திருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். உலாவியில் ஒரு பக் (பிழை) சரியாகும் என்று நினைத்துக் கொடுக்காதீர்கள்.

அதே குடும்பம்தான், ஆனால் தண்டர்பேர்டின் கதை நேர்மாறு. அதற்கென்று தனி நிறுவனம் இருக்கிறது, ஓடுவது ஏறக்குறைய முழுவதும் பயனர் நன்கொடையில். 2022-ல் வந்தது சுமார் 64 லட்சம் டாலர், செலவில் பெரும்பகுதி சம்பளம். இங்கே போடும் டாலர் நேராக ஒருவருடைய வேலை நேரமாக மாறுகிறது. என் கணக்கில் உங்கள் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான், இரண்டாவது கிரிட்டா. அங்கும் நிதியிலிருந்து உருவாக்குநர்களுக்குச் சம்பளம் போகிறது.

லிப்ரே ஆபீஸுக்குக் கொடுப்பது டாக்குமெண்ட் ஃபவுண்டேஷனுக்குப் போகும். சர்வர்கள், சோதனை, மொழியாக்கக் கட்டமைப்பு, ஊழியர் சம்பளம் எல்லாம் அதிலிருந்து. நிரலில் கணிசமான பகுதியை எழுதுவது கொலாபோரா போன்ற நிறுவனங்கள், அவர்களுக்கு வாடிக்கையாளர் வருமானம் தனி. விஎல்சிக்குப் பின்னால் இருப்பது பிரான்சில் பதிவான லாப நோக்கமற்ற சங்கம். அதற்கும் கொடுக்கலாம், அவசரமில்லை.

யுபிளாக் ஆரிஜின் வாங்கவே வாங்காது. அதன் ஆசிரியர் நன்கொடை வேண்டாம் என்றே எழுதி வைத்திருக்கிறார். கொடுத்தே தீர வேண்டுமென்றால் எதைத் தடுப்பது என்று சொல்லும் வடிகட்டிப் பட்டியல்களைப் பராமரிப்பவர்களை நினையுங்கள் என்கிறார். இதில் ஒரு பொறியும் உண்டு. 2015-ல் புராஜெக்ட் இரண்டாகப் பிரிந்தபோது "யுபிளாக்" என்ற வெறும் பெயரில் இன்னொரு தளம் நன்கொடை கேட்டது. அது 2018-ல் ஆட்பிளாக் என்ற வேறொரு விளம்பரத் தடுப்பானின் கைக்குப் போய்விட்டது. பெயரைத் தேடி, முதலில் வந்த பக்கத்தில் கார்டு எண்ணைத் தட்டினால் இதுதான் நடக்கும். மென்பொருளின் "பற்றி" மெனுவிலிருந்தோ மூல நிரல் களஞ்சியத்திலிருந்தோ நன்கொடைப் பக்கத்துக்குப் போங்கள். நிரல்களை வைக்கும் தளமான கிட்ஹப்பில் இருந்தால் பக்கவாட்டில் "ஸ்பான்சர்" பகுதி தெரியும். பராமரிப்பாளர்கள் தாங்களே களஞ்சியத்தில் வைக்கும் ஃபண்டிங் கோப்பிலிருந்து வருவது அது, எனவே நம்பலாம்.

அரைப்புள்ளி:

கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பயனரின் பத்து டாலர் எதைத் தீர்க்காது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

2014-ல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புக் குறை வெளிவந்தபோது, அது இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியின் (மற்ற மென்பொருள்கள் உள்ளே பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) அமைப்புக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2000 டாலர். இணையத்தில் பாதிக்கு மேல் அதன் மேல் நின்றது. சாதாரணப் பயனருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, தெரியாததற்கு எப்படிக் கொடுப்பார்? நிலைமை மாறியது லினக்ஸ் ஃபவுண்டேஷன் பெரிய நிறுவனங்களிடம் பணம் திரட்டிய பிறகுதான். மக்களுக்குத் தெரிந்த முகம் உள்ள செயலிகளுக்கு நன்கொடை சேர்கிறது, அடியில் கிடக்கும் லைப்ரரிகளுக்குச் சேர்வதில்லை.

கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் லைப்ரரியின் கதை இன்னும் மோசம். 2024-ல் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசிய நுழைவழி) வைத்தது, பல மாதம் நல்ல பிள்ளையாகப் பங்களித்துப் பராமரிப்பு உரிமையைப் பெற்ற ஒரு கணக்கு. அதற்கு முன் களைத்துப்போயிருந்த ஒற்றைப் பராமரிப்பாளரை "ஏன் தாமதம், வேறொருவரிடம் கொடு" என்று சில கணக்குகள் மின்னஞ்சல் பட்டியலில் நெருக்கின. அந்த நேரத்தில் அவருக்கு 50 டாலர் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நிரலைப் படித்துப் பார்க்கும் இரண்டாவது ஜோடிக் கண்தான் குறைந்தது. அதை வாங்க முழுச் சம்பளம் வேண்டும், சம்பளம் கொடுக்கக் கூடியவை கம்பெனிகளும் அரசுகளும்தான். ஜெர்மனியில் இதற்கென்றே அரசு நிதி ஒன்று 2022 முதல் இயங்குகிறது.

ஆகவே "கம்பெனிகள் கொடுக்கட்டும்" என்ற வாதத்தில் பாதி நியாயம் உண்டு.

வரிவடிவன்:

மறுக்கவில்லை. ஆனால் தண்டர்பேர்டை எந்தக் கம்பெனியும் தாங்கவில்லை, பயனர்தான் தாங்குகிறார்கள். பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளின் நிரல் 2002-ல் திறந்துவிடப்பட்டதே, மக்கள் ஏழு வாரத்தில் ஒரு லட்சம் யூரோ சேர்த்துக் கொடுத்ததால்தான். நேரடியாகப் பயனர் தொடும் செயலிகளில் சிறு தொகை வேலை செய்கிறது. அடி லைப்ரரிகள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி.

கூட்டல்கழித்தல்:

நடுவில் எவ்வளவு கழியும் என்று கேட்டிருந்தார், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

உறிஞ்சுவது தளத்தின் கமிஷனைவிட ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் பிடிக்கும் நிலைக் கட்டணம்தான். அமெரிக்காவில் பணம் வசூலித்துத் தரும் சேவையான ஸ்ட்ரைப்பின் வழக்கமான கார்டு கட்டணம் 2.9 சதவீதமும் 30 சென்டும். மாதம் ஒரு டாலர் என்று வைத்தால் ஒவ்வொரு முறையும் சுமார் 33 சென்ட் போகும், வருடத்துக்கு ஏறக்குறைய 4 டாலர். அதே 12 டாலரை ஒரே தடவையில் கொடுத்தால் போவது 65 சென்ட். எனவே சிறு தொகையென்றால் வருடத்துக்கு ஒருமுறை கொடுங்கள். மாதாமாதம் வரும் பணத்தைத்தான் நம்பித் திட்டமிட முடியும் என்பது உண்மை. ஆனால் அது மாதம் 10 டாலர் கொடுப்பவருக்குப் பொருந்தும்.

கிட்ஹப் ஸ்பான்சர்ஸில் தனிநபர் கணக்கிலிருந்து கொடுத்தால் தளம் ஒன்றும் பிடிப்பதில்லை. நிறுவனக் கணக்கென்றால் 6 சதவீதம் வரை. லிபராபே என்ற நன்கொடைத் தளம் கமிஷன் எடுப்பதில்லை, கார்டு கட்டணம் மட்டும்; ஒரு வருடத்துக்கானதை முன்கூட்டியே செலுத்தும் வசதியும் உண்டு. ஓப்பன் கலெக்டிவ் என்ற நன்கொடைத் தளத்தில் பல புராஜெக்ட்கள் ஓப்பன் சோர்ஸ் கலெக்டிவ் என்ற அமைப்பின் நிழலில் இருக்கின்றன, அது 10 சதவீதம் எடுக்கும். அதற்குப் பதிலாகக் கணக்கு வழக்கு, வரி, பணம் வழங்கல் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. சங்கம் பதிவு செய்யத் தெம்பில்லாத இரண்டு பேர் குழுவுக்கு அது மலிவு.

ஓப்பன் கலெக்டிவின் பெரிய பயன் வரவு செலவு வெளிப்படையாகத் தெரிவது. கொடுக்கும் முன் "பட்ஜெட்" பகுதியைத் திறந்து செலவு வரிகளை மட்டும் படியுங்கள். ஒவ்வொரு மாதமும் ஒரே பெயருக்கு "பராமரிப்பு, இத்தனை மணி நேரம்" என்று போயிருந்தால் நல்ல அறிகுறி. சர்வர் வாடகை, டொமைன் புதுப்பிப்பு மட்டும் இருந்தால் அதற்கு மேல் பணம் தேவைப்படாமல் இருக்கலாம். கையிருப்பு ஆயிரக்கணக்கில் நிற்க, ஒரு வருடமாகச் செலவே இல்லை என்றால் அங்கே பணத்தை வேலையாக மாற்ற ஆள் இல்லை. வேறிடம் பாருங்கள்.

வரிச்சலுகை எதிர்பார்க்காதீர்கள். பெறுபவர் உங்கள் நாட்டுச் சட்டப்படி பதிவான அறநிறுவனமாக இருந்தால்தான் கிடைக்கும். தனிநபருக்கு ஸ்பான்சர்ஸ் வழியே கொடுப்பது அவருக்கு வருமானம், வரி கட்ட வேண்டியவர் அவர்.

மடக்குவிசை:

மிக்க நன்றி. இன்னொன்று: லிப்ரே ஆபீஸில் ஒரு குறிப்பிட்ட பக் தொல்லை தருகிறது. "இதைச் சரிசெய்தால் 50 டாலர்" என்று பரிசு அறிவித்தால் நடக்குமா? அப்புறம், அடியில் இருக்கும் லைப்ரரிகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

அரைப்புள்ளி:

பரிசு வேண்டாம். பக் ஒன்றைச் சரிசெய்யும் நேரத்தில் எழுதுவது ஒரு பங்கு. அந்த மாற்றத்தைப் படித்து, சோதித்து, அடுத்த பத்து வருடம் காப்பாற்றுவது பல பங்கு. 50 டாலர் எழுதியவருக்குப் போகும், சுமை பராமரிப்பாளருக்கு வரும். அதோடு காசு வாசனை பட்டதும் அரைகுறைத் திருத்தங்கள் வரிசை கட்டும். 2024-ல் டீ என்ற கிரிப்டோ திட்டம் புராஜெக்ட்களுக்கு டோக்கன் தருவதாகச் சொன்னதும், சம்பந்தமே இல்லாத ஆட்கள் களஞ்சியங்களில் தங்கள் கோப்பைச் சேர்க்கச் சொல்லிப் புல் ரிக்வெஸ்ட் என்ற மாற்றக் கோரிக்கைகளைக் கொட்டினார்கள். பாதுகாப்புக் குறைகளுக்குப் பரிசு கொடுத்த கர்ல் என்ற தரவுப் பரிமாற்றக் கருவியின் புராஜெக்டில் ஏஐ எழுதிய பொய் அறிக்கைகள் குவிந்தன. பரிசுப் பணத்தை வைத்திருக்கும் தளமும் ஆபத்து: பவுண்டிசோர்ஸ் 2020-ல், இரண்டு வருடம் யாரும் பெறாத தொகையைத் தானே எடுத்துக்கொள்வதாக விதியை மாற்றப் பார்த்தது, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது.

அந்த பக்கிற்கு 50 டாலரைவிட உதவுவது நல்ல அறிக்கை. பிழை வரும் மிகச் சிறிய கோப்பு, எந்தப் பதிப்பில் சரியாக இருந்தது, எதில் கெட்டது, செய்த படிகள் வரிசையாக. எந்தப் பதிப்பில் கெட்டது என்று துல்லியமாகத் தெரிந்தால் காரணமான மாற்றத்தைத் தேடிப் பிடிக்கும் வேலை பெருமளவு குறைகிறது. லிப்ரே ஆபீஸின் பழைய பதிப்புகள் எல்லாம் தரவிறக்கத்துக்கு இருக்கின்றன, நிரல் தெரியாதவரும் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

லைப்ரரிகள் விஷயம்: நீங்கள் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் எழுதுபவரானால் புராஜெக்ட் அடைவில் "என்பிஎம் ஃபண்ட்" (npm fund) என்று கட்டளை கொடுங்கள், உங்கள் நிரல் சார்ந்திருக்கும் லைப்ரரிகளில் நிதி கேட்பவற்றின் பட்டியல் வரும். பிஎச்பி மொழி என்றால் "கம்போசர் ஃபண்ட்" (composer fund). நிரல் எழுதாதவர் இதில் தலையிட்டுக் குழம்ப வேண்டாம். வேலை செய்யும் இடத்தில் யாராவது இந்தப் பட்டியலை எடுத்து மேலிடத்திடம் காட்டினால் அதுவே உங்கள் 60 டாலரைவிடப் பெரிது.

மடக்குவிசை:

புரிந்தது. தண்டர்பேர்டுக்கு 35, ஒரே தடவையாக. மீதி 25-ல் கிரிட்டாவை ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கிவிடுகிறேன், அதுவும் நன்கொடை மாதிரிதானே?

கூட்டல்கழித்தல்:

ஸ்டீம் வழக்கமாக 30 சதவீதம் பிடிக்கும். தானாக அப்டேட் ஆகும் வசதி வேண்டுமென்றால் அங்கே வாங்குங்கள். கொடுப்பதுதான் நோக்கம் என்றால் கிரிட்டா தளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொண்டு, 25-ஐ அவர்களுடைய நிதியிலேயே நேரடியாகப் போடுங்கள்.