புதுப்பிப்பு: மாமரக் கட்டைக்குள் நீலம் இறங்கியதா?

பூஞ்சை பிடித்து மெத்தென்று ஆகிவிட்ட மாமரக் கட்டைகளை, கெட்டிப்படுத்துவதற்காக நீலச் சாயம் கலந்த ரெசினில் (இறுகிக் கெட்டியாகும் பிசின் திரவம்) மூழ்கவைத்து, காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பம்ப் போட்டிருக்கிறேன் என்று முன்பு எழுதியிருந்தேன். அவற்றைச் சூட்டில் இறுக்கி, ஆறவிட்டு, குறுக்கே அறுத்துப் பார்த்தாயிற்று. நடு வரைக்கும் நீலம்! பூஞ்சையின் கறுப்புக் கோடுகள் அப்படியே நிற்க, மெத்தென்ற பகுதிகள் நிறத்தை நன்றாகக் குடித்திருக்கின்றன. அவ்வளவு அழகு.

பம்ப் ஓடும்போதே ரெசின் உள்ளே போய்விடுமா என்று சிலர் கேட்டதற்குப் பதில்: பம்ப் ஓடும்போது முக்கியமாகக் காற்றுதான் வெளியேறுகிறது. குமிழிகள் அடங்கி, வால்வைத் திறந்த பிறகுதான் வெளிக்காற்றின் அழுத்தம் ரெசினை உள்ளே தள்ளுகிறது. அதனால் ஊறும் நேரத்தில் அவசரமே வேண்டாம். பம்ப் ஓடியதைப் போல இரண்டு மடங்காவது விடுங்கள். அப்புறம், ஈரம்தான் பெரிய எதிரி. முதலில் கட்டையை 105 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் முழுக்க உலர்த்தி, மூடிய பையில் ஆறவிட வேண்டும். சூட்டோடு போட்டால் ரெசின் பாத்திரத்திலேயே இறுகத் தொடங்கிவிடும்.

இது சூட்டில் இறுகும் ரெசின்; இரண்டு திரவங்களைக் கலந்ததும் தானே இறுகும் இபாக்சி அல்ல. அலுமினியத் தாளில் சுற்றி 90 டிகிரியில் வைத்தால் போதும். சமையலுக்குப் பயன்படுத்தும் ஓவனில் மட்டும் வைக்க வேண்டாம்.

தேக்கில் முயல நினைப்பவர்கள் விட்டுவிடுங்கள். அதன் எண்ணெய்ப்பசை ரெசினைச் சரியாக ஏற்காது.