ஆஸ்போர்ன் பிரதர்ஸ்: ரத்தம் பாடியதா, பழக்கம் பாடியதா?

மாண்டலின்மணி:
ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயம். ப்ளூகிராஸ் என்ற அமெரிக்க மலைநாட்டு இசையில் அண்ணன் தம்பி சேர்ந்து நடத்திய குழுக்களுக்குக் குறைவே இல்லை. மன்ரோ சகோதரர்கள், ஸ்டான்லி சகோதரர்கள், ஜிம்மும் ஜெஸ்ஸியும் என்று வரிசையாகச் சொல்லலாம். என்னைக் கேட்டால் குரல் ஒட்டுவதில் இவர்கள் எல்லாரையும் மிஞ்சியவர்கள் ஆஸ்போர்ன் பிரதர்ஸ்தான். பாபி (1931) மாண்டலின் வாசிப்பார், மேல் ஸ்தாயியில் பாடுவார். சன்னி (1937) பாஞ்சோ என்ற ஐந்து தந்தி வாத்தியத்தை வாசித்துக்கொண்டே நடுக்குரல் பாடுவார். கென்டக்கியின் கிழக்கு மலைகளில், ஹைடன் ஊர்ப் பக்கம் பிறந்தவர்கள்.

அந்த ஒட்டுதல் ஒரே வயிற்றில் பிறந்ததால் வந்தது என்பது என் கட்சி. அமெரிக்காவில் அதற்கு 'பிளட் ஹார்மனி', அதாவது ரத்த இசைவு, என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரே அம்மாவின் பிள்ளைகள் வாயைத் திறக்கும் விதமே ஒன்றாக இருக்கும். வெளியாள் எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் அது வராது.

கீழ்ஸ்தாயி:
மணி சார், ஆரம்பமே இடிக்கிறது. ஆஸ்போர்ன் பிரதர்ஸின் அடையாளமே மூன்று குரல். அண்ணன் தம்பியோ இரண்டு பேர். மூன்றாவது குரல் யாருடையது?

1956-இல் எம்ஜிஎம் நிறுவனத்தில் பதிவு செய்ய ஆரம்பித்தபோது அது ரெட் ஆலன். பிறகு பென்னி பெர்ச்ஃபீல்ட். அதற்கும் பிறகு டேல் ஸ்லெட். இடையில் வேறு சிலரும் உண்டு. ஒருவருக்கும் ஆஸ்போர்ன் ரத்தம் கிடையாது. ஆனாலும் எந்த இசைத்தட்டைப் போட்டாலும் அந்த ஒலி ஆஸ்போர்ன் ஒலிதான். ரத்தம்தான் காரணம் என்றால் மூன்றில் ஒரு பங்கை யார் கடன் கொடுத்தது?

மாண்டலின்மணி:
மூன்றாவது ஆள் மாறிக்கொண்டே இருந்தும் ஒலி மாறவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். மாறாமல் இருந்தது அந்த இரண்டு பேர். என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள், நன்றி!

புதுக்காது:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் இந்த இசைக்குப் புதியவன். மூன்று குரல் என்றால் மூன்று பேரும் ஒரே மெட்டைத்தானே பாடுகிறார்கள்? இதில் மேலே, கீழே என்பதெல்லாம் என்ன?

கீழ்ஸ்தாயி:
நல்ல கேள்வி, இதில்தான் வழக்கே இருக்கிறது. வார்த்தை ஒன்றுதான், சுரம் வேறு. வழக்கமான ப்ளூகிராஸ் மூவர் பாட்டில் மெட்டைப் பாடுகிறவர் நடுவில் இருப்பார். அவர் பெயர் லீட். அவருக்கு மேலே டெனர், கீழே பாரிடோன்.

ஆஸ்போர்ன்காரர்கள் இந்த அடுக்கைக் கலைத்தார்கள். பாபியின் குரல் அவ்வளவு உயரம் என்பதால் மெட்டையே உச்சியில் வைத்துவிட்டார்கள். அதற்குச் சற்றுக் கீழே சன்னியின் பாரிடோன். மெட்டுக்கு மேலே இருந்திருக்க வேண்டிய டெனர் சுரங்களை ஒரு ஸ்தாயி கீழே இறக்கி, அடித்தளத்தில் மூன்றாவது ஆளிடம் கொடுத்தார்கள். 'ஹை லீட்' என்று இதைச் சொல்வார்கள். 'ஒன்ஸ் மோர்' என்ற பாட்டில் இது வெளியே வந்தது. 1958-இல் அது கன்ட்ரி பாட்டுத் தரவரிசையில் 13-ஆம் இடம் வரை போனது.

பாட்டை முடிக்கும் இடத்தைக் கவனியுங்கள். மூவரும் ஒரே நேரத்தில் நகர மாட்டார்கள். ஒரு குரல் நிற்கும், இன்னொன்று வழுக்கி அடுத்த சுரத்துக்குப் போகும். பெடல் ஸ்டீல் கிடாரில் ஒரு தந்தி அசையாமல் நிற்க மற்றொன்று வளையுமே, அந்த உத்தியைத் தொண்டைக்குக் கொண்டுவந்தார்கள். மணி சார், உட்கார்ந்து கணக்குப் போட்டுச் செய்த வேலை இது. தொட்டிலில் கிடைத்தது இல்லை.

மாண்டலின்மணி:
கணக்கு யார் வேண்டுமானாலும் போடலாம். அதைப் பாடிக்காட்டும்போது இரண்டு குரலும் ஒரு குரலாகக் கேட்பதற்குக் கணக்கு போதாது.

ரேடியோராஜி:
இரண்டு பேருமே பிறந்த ஊரிலேயே நின்றுவிட்டீர்கள். குடும்பம் ஒகையோவில் உள்ள டேட்டனுக்குப் போனதை யாரும் பேசவில்லையே.

அந்தக் காலத்தில் கென்டக்கி மலையில் நிலக்கரிச் சுரங்கத்தை விட்டால் பிழைப்பு குறைவு. டேட்டனில் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் போன்ற பெரிய தொழிற்சாலைகள் இருந்தன. மலைக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வடக்கே போனார்கள். ஆஸ்போர்ன் குடும்பம் போனதும் அப்படித்தான். ஊரை விட்டுப் போனவர்களுக்கு ஊர்ப் பாட்டின் மேல் பசி அதிகம். வார வேலை முடிந்தால் மதுக்கடைகளில் இந்த இசைதான். சனிக்கிழமை ராத்திரி நாஷ்வில்லிலிருந்து கிராண்ட் ஓலே ஓப்ரி என்ற கன்ட்ரி இசை நிகழ்ச்சி வானொலியில் வரும்.

பாபி சின்னப் பையனாக இருந்தபோது பாடியது யார் மாதிரி தெரியுமா? கன்ட்ரி பாடகர் எர்னஸ்ட் டப் மாதிரி. டப்பின் குரல் ஆழமானது. பதின்வயதில் குரல் உடைந்தபோது, மற்ற பையன்களுக்குக் கீழே இறங்குவது இவருக்கு மேலே ஏறிவிட்டது. அதன்பின் டப் பாட்டு ஒத்துவரவில்லை, பில் மன்ரோ பக்கம் திரும்பினார். மணி சார் சொல்லும் 'பிறவித் தொண்டை' பாபிக்கு இருந்தது உண்மை. ஆனால் தம்பிக்கு அந்தத் தொண்டை இல்லையே! சன்னி பாடியது நடுக்குரல். ஒரே வயிறு, இரண்டு வேறு வாத்தியம் என்றுதான் சொல்ல வேண்டும்.

கீழ்ஸ்தாயி:
ராஜி அக்கா எடுத்துக் கொடுத்ததைத் தொடர்கிறேன். இவர்கள் சேர்ந்து வளர்ந்த காலம் எவ்வளவு?

பாபி 1949-இலேயே வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். மேற்கு வர்ஜீனியாவின் புளூஃபீல்டில் லோன்சம் பைன் ஃபிட்லர்ஸ் குழு. அப்புறம் ப்ளூகிராஸ் பாடகர் ஜிம்மி மார்ட்டினோடு கொஞ்ச காலம். 1951-இல் ஸ்டான்லி சகோதரர்களோடு சில நாட்கள், அதற்குள் ராணுவ அழைப்பு. மரைன் படையில் சேர்ந்து கொரியாப் போரில் காயம்பட்டு, 1953-இல்தான் திரும்பினார்.

அண்ணன் இல்லாத அந்த வருடங்களில் தம்பி என்ன செய்தார்? 1952 கோடையில் பில் மன்ரோவின் குழுவில் பாஞ்சோ வாசித்தார். வயது 14. அந்த ஜூலையில் மன்ரோவின் பதிவுகளில் கேட்கும் பாஞ்சோ இந்தப் பையனுடையது. பள்ளிக்கூடப் பையன், ப்ளூகிராஸின் தந்தை என்று கொண்டாடப்படுகிறவரின் பக்கத்தில் நின்று வாசிக்கிறான். அண்ணன் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனதல்ல அது. அழைத்துப் போனவர் ஜிம்மி மார்ட்டின்.

ஆக, அண்ணன் வீட்டை விட்டபோது தம்பிக்குப் பதினொரு வயது. திரும்பி வந்தபோது பதினைந்து, பதினாறு. இருவரும் தனித்தனியாகத் தொழில் கற்ற பிறகு சேர்ந்தவர்கள். சகோதரர்கள் என்பதைவிட ஒரே பட்டறையில் வேலை பழகிய இரண்டு கைகாரர்கள் என்பதே பொருத்தம்.

மாண்டலின்மணி:
தேதியெல்லாம் சரி, மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். நாலு வருடம் பிரிந்திருந்தும் சேர்ந்த உடனே ஒட்டியது என்றால் அது எதனால்? 1953-இல் நாக்ஸ்வில்லில் வானொலி நிகழ்ச்சி, 1954-இல் ஜிம்மி மார்ட்டினோடு ஆர்சிஏ நிறுவனத்தில் பதிவு, 1956-இல் 'ரூபி' பாட்டு. அந்த 'ரூபி'யில் பாபி ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்துவார் பாருங்கள், நம் மூச்சு முட்டும். மூன்று வருடத்தில் இந்த உயரத்துக்குப் போக வெறும் பட்டறைப் பழக்கம் போதுமா?

உயிரெழுத்தை உச்சரிப்பதைச் சொல்கிறேன். குரல்கள் ஒட்டுவது மெய்யெழுத்தில் இல்லை, 'ஆ', 'ஈ', 'ஓ' எல்லாம் ஒரே அளவில் திறப்பதில்தான் இருக்கிறது. அது வீட்டில் வருவது.

கீழ்ஸ்தாயி:
வீட்டில் வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். பக்கத்து வீட்டிலும் வருமே? ரெட் ஆலன் ஹேசர்ட் பக்கத்து ஆள். ஆஸ்போர்ன்காரர்களின் கவுண்டிக்கு (மாவட்டம் மாதிரி) அடுத்த கவுண்டி. அதே மலைப்பேச்சு. அவரும் டேட்டனுக்குப் பிழைக்க வந்தவர்தான். உயிரெழுத்து ரத்தத்தில் இல்லை, ஊர்ப்பேச்சில் இருக்கிறது.

இதைவிடப் பெரிய சாட்சி ஸ்டான்லி வீட்டில் இருக்கிறது. 1966 டிசம்பரில் அண்ணன் கார்ட்டர் ஸ்டான்லி இறந்துபோனார். தம்பி ரால்ஃப் குழுவை விடவில்லை. பிறகு ராய் லீ சென்டர்ஸ் என்பவர் லீட் பாட வந்தார். கண்ணை மூடிக் கேட்டால் கார்ட்டர் எழுந்து வந்த மாதிரி இருக்கும். அவர் கென்டக்கிக்காரர், ஸ்டான்லி குடும்பத்துக்கு உறவே இல்லை.

அதோடு 1970 வாக்கில் நடந்த கதையும் உண்டு. டயர் பஞ்சராகி ரால்ஃப் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு நிகழ்ச்சிக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். உள்ளே ஸ்டான்லி சகோதரர்களின் பாட்டு கேட்கிறது. இசைத்தட்டு போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தபடி நுழைந்தார். மேடையில் பார்த்தால் இரண்டு பையன்கள்: ரிக்கி ஸ்காக்ஸ், கீத் விட்லி. பதினைந்து, பதினாறு வயது. இருவரும் சகோதரர்கள் இல்லை. தட்டைத் தேயத் தேயக் கேட்டுக் கற்றவர்கள். பாடியவரையே ஏமாற்றிவிட்டார்கள் என்றால் ரத்தத்துக்கு என்ன வேலை?

புதுக்காது:
ஆஹா! இந்தக் கதைக்காகவே இந்த இழையைச் சேமித்துக்கொள்கிறேன்.

ரேடியோராஜி:
ஸ்டான்லி வீடு என்றதும் இன்னொன்று. ரால்ஃபுக்கு அம்மா ஐந்து டாலருக்கு ஒன்று வாங்கித் தருகிறேன் என்றார்: பன்றிக்குட்டி வேண்டுமா, பாஞ்சோ வேண்டுமா? பையன் பாஞ்சோ என்றான். முதல் பாட்டையும் அம்மாவே வாசித்துக் காட்டினார். அந்த வீட்டில் தேவாலயப் பாட்டு வாத்தியம் இல்லாமல் பாடும் பாட்டு. ரால்ஃபின் குரலில் உள்ள அந்த வறண்ட தனிமை அங்கிருந்து வந்தது. இதை நான் ரத்தம் என்றும் சொல்ல மாட்டேன், பயிற்சி என்றும் சொல்ல மாட்டேன். வீடு என்று சொல்வேன். உங்கள் இருவருக்கும் இடையே அப்படி ஒரு வார்த்தை இருக்கிறது.

ஐந்தாம்தந்தி:
எல்லாரும் நல்லா பேசுகிறீர்கள். ஆனால் 1969 வாக்கில் பாஞ்சோவிலும் மாண்டலினிலும் ஒலியைப் பெருக்க மின் பிக்கப் மாட்டினவர்களை ப்ளூகிராஸ் என்று கணக்கில் சேர்ப்பதே எனக்குச் சம்மதம் இல்லை. பதிவுகளில் டிரம்ஸ், பியானோ, ஸ்டீல் கிடார். சன்னி பாஞ்சோவுக்கு ஐந்து தந்தி போதாமல் ஆறாவது வேறு போட்டார். என் பெயரைப் பாருங்கள், எனக்கு எப்படி இருக்கும்!

கீழ்ஸ்தாயி:
உங்கள் வலி புரிகிறது :) ஆனால் அவர்கள் அப்போது போன இடங்களைப் பாருங்கள். மெர்ல் ஹேகர்ட் போன்ற பெரிய கன்ட்ரி பாடகர்களோடு ஒரே மேடை. முன்னால் ஏறியவர் மின் கிடாரும் டிரம்ஸும் முழங்கிவிட்டு இறங்குகிறார். அடுத்து இவர்கள் ஒரு மைக்கில் மரப்பெட்டி மாண்டலினை மீட்டினால் கடைசி வரிசைக்கு என்ன கேட்கும்? 1964-இல் ஓப்ரியில் சேரும் வரை பாட்டில் வருமானம் போதாமல் டேட்டனில் டாக்சி ஓட்டியவர்கள் இவர்கள். கூட்டத்துக்குக் கேட்க வேண்டும் என்ற கவலை அவர்களுக்குத்தான் தெரியும். 1971-இல் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் சிறந்த பாடற்குழு விருதை ஒரு பாஞ்சோக் குழுவுக்குக் கொடுத்தது. அது வேறு வழியில் நடந்திருக்காது.

ஐந்தாம்தந்தி:
விருது கிடைத்தது, சரி. ஆனால் பிறகு அவர்களே மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பழைய முறைக்குத் திரும்பினார்களே? நான் சொல்வது அதைத்தான்.

மாண்டலின்மணி:
மின்சாரச் சண்டைக்குத் தனி இழை போடுங்கள்.

கீழ்ஸ்தாயி, ஸ்காக்ஸ் விட்லி கதையோடு என் உயிரெழுத்துக் கட்சி படுத்துவிட்டது. ஒத்துக்கொள்கிறேன். தொண்டையை விட்டுவிடுகிறேன். வேறொன்று கேட்கிறேன், பதில் சொல்லுங்கள்.

ரெட் ஆலன் 1958-இல் போனார். அடுத்தவர் வந்தார், போனார். அதற்கடுத்தவரும் போனார். 1953 முதல் சன்னி தோள் அறுவை சிகிச்சைக்குப் பிறகு 2005-இல் ஓய்வு பெறும்வரை இந்த இருவர் மட்டும் போகவில்லை. ஐம்பது வருடத்துக்கு மேல்! 1967-இல் 'ராக்கி டாப்' பதிவு செய்தபோதும் அதே இருவர். 1982-இல் டென்னசி அதை மாநிலப் பாட்டுகளில் ஒன்றாக்கியபோதும் அதே இருவர். நண்பர்கள் நடத்திய எந்தக் குழு இவ்வளவு நாள் உடையாமல் இருந்தது? ஹை லீட் மாதிரி ஒரு கணக்கை ஒருமுறை போட்டால் போதாது. பத்து மூன்றாவது ஆட்களுக்கு மறுபடி மறுபடி சொல்லிக்கொடுக்க இரண்டு பேர் அங்கேயே நின்றிருக்க வேண்டும். நிற்க வைத்தது ரத்தம்.

கீழ்ஸ்தாயி:
மன்ரோ சகோதரர்களும் ரத்தம்தான். 1938-இல் சண்டை போட்டுப் பிரிந்தார்கள்.

ஆனாலும் உங்கள் கேள்விக்கு மதிப்பு இருக்கிறது. நான் அதைக் கொஞ்சம் திருப்பிச் சொல்வேன். நிற்க வைத்தது பெயர்ப்பலகை. ஆரம்பத் தட்டுகளில் 'ஆஸ்போர்ன் பிரதர்ஸும் ரெட் ஆலனும்' என்று போட்டிருக்கும். ரெட் ஆலன் போனபின் 'ஆஸ்போர்ன் பிரதர்ஸ்' மட்டும். அதற்கப்புறம் வந்த மூன்றாவது ஆட்களின் பெயர் பலகையில் ஏறவே இல்லை. கடை உங்களுடையது என்றால் நீங்கள் எழுந்து போக மாட்டீர்கள். சம்பளத்துக்கு வந்தவர் போவார்.

ரேடியோராஜி:
அது கொஞ்சம் கசப்பாக இருக்கிறதே. சன்னி ஓய்வு பெற்றபின் பாபி 'ராக்கி டாப் எக்ஸ்பிரஸ்' என்று புதுக்குழு வைத்து, தன் மகன்களையும் சேர்த்துக்கொண்டு பாடினார். அப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கடை என்று மட்டும் நினைத்தவர் அந்த வயதில் பூட்டியிருப்பார். சன்னி 2021-இல் போனார், பாபி 2023-இல்.

மாண்டலின்மணி:
பார்த்தீர்களா, மகன்கள். மறுபடியும் ரத்தம்.

கீழ்ஸ்தாயி:
மறுபடியும் குடும்பக் கடை :)

புதுக்காது:
நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது 'ஒன்ஸ் மோர்' தேடிப் போட்டேன். இயர்போனில் நாலு தடவை. முதல் மூன்று தடவை பாபி மட்டுமே கேட்டார், அந்த உயரத்தைத் தாண்டி வேறெதுவும் காதில் ஏறவில்லை. நாலாவது தடவை அடியில் ஒருவர் பாடுவது பிடிபட்டது. அவரைப் பிடித்தபின் விடவே முடியவில்லை, பாட்டு முழுக்க அவர் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறேன். அவர்தானா ரெட் ஆலன்?

கீழ்ஸ்தாயி:
அவரேதான். அந்தத் தட்டில் அவர் பெயர் இருக்கும், பாருங்கள்.