சமூக ஊடகம் வேண்டாம் என்று பிள்ளையிடம் கையெழுத்து வாங்கலாமா?

மதுரைத் தந்தை:
என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மாணவர் யாரும் இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் கணக்கு வைத்திருக்கக் கூடாது, பெற்றோரும் பிள்ளையும் கையெழுத்திட்டுத் தர வேண்டும், மீறினால் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்களாம். பெற்றோரில் பலர் கொதிக்கிறார்கள். நான் மனமுவந்து கையெழுத்திட்டேன். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயது நிரம்பாதவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கிடையாது. ஒரு நாடே செய்ததை ஒரு பள்ளி செய்தால் என்ன தவறு? விழிப்புணர்வு வகுப்பு, உறுதிமொழி, சுவரொட்டி எல்லாம் பார்த்தாயிற்று. பிள்ளைகளை ஏமாற்றுகிறவன் அதையே தொழிலாக வைத்திருக்கிறான். அவனை எதிர்கொள்ள 13 வயதுக் குழந்தைக்கு ஒரு பீரியடு பாடம் போதுமா?

கணினி ஆசிரியை, தஞ்சை மாவட்டம்:
ஐயா, நீங்கள் சொல்லும் ஆஸ்திரேலியச் சட்டத்தில் பிள்ளைக்கும் தண்டனை இல்லை, பெற்றோருக்கும் இல்லை. கணக்குகளைத் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுக்காத நிறுவனத்துக்குத்தான் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். உங்கள் பள்ளியின் சுற்றறிக்கை எந்த நிறுவனத்தையும் தொடவில்லை. முழுச் சுமையையும் பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டது. தவிர, வாட்ஸ்அப், ரோப்லாக்ஸ் என்ற விளையாட்டுத் தளம் போன்றவை அந்தத் தடையில் இடம்பெறவில்லை. நம் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே வாட்ஸ்அப்பில்தான் வருகிறது.

எங்கள் பகுதியில் நடந்ததை அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். பத்தாம் வகுப்பு மாணவன். ஒரு பெண்ணின் படம் போட்ட கணக்கிலிருந்து செய்தி வருகிறது. அவனுடைய நண்பர்கள் சிலர் ஏற்கெனவே அந்தக் கணக்கோடு இணைந்திருந்ததால் நம்புகிறான். இரண்டு நாள் பேச்சு, பிறகு வாட்ஸ்அப்புக்கு வரச் சொல்லி ஒரு வீடியோ அழைப்பு. அழைப்பு முடிந்த சில நிமிடங்களில் அழைப்பில் பதிவான அவனுடைய அந்தரங்கக் காட்சி அவனுக்கே திரும்பி வருகிறது. அதன் கீழே அவன் அம்மாவின் பெயர், வகுப்புத் தோழர்களின் பெயர்கள், பணம் அனுப்ப ஒரு கியூஆர் குறியீடு. அம்மாவின் கைப்பேசியிலிருந்து அனுப்பினான். கொடுப்பான் என்று தெரிந்ததும் மறுபடி கேட்டார்கள். இந்த வகை மிரட்டலுக்குப் பெரும்பாலும் 14 முதல் 17 வயது வரையுள்ள ஆண் பிள்ளைகளே குறி என்று அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. எச்சரித்து வருகிறது. நாமோ பெண் பிள்ளைகளை மட்டும் உட்கார வைத்து அறிவுரை சொல்கிறோம்.

அவன் ஏன் யாரிடமும் சொல்லவில்லை தெரியுமா? அவன் பள்ளியிலும் உங்கள் பள்ளியில் உள்ளது போலவே ஒரு விதி இருந்தது. சொன்னால் டி.சி., வீட்டில் அடி. மிரட்டுகிறவனுக்கு அவனுடைய மௌனம்தான் முதலீடு. அந்த முதலீட்டை நாமே கையெழுத்து வாங்கிக் கொடுக்கிறோம்.

மதுரைத் தந்தை:
டீச்சர், கேட்கவே வேதனையாக இருக்கிறது. ஆனால் அந்தப் பையனிடம் கணக்கே இல்லாதிருந்தால் அந்தச் செய்தி அவனுக்கு வந்தே இருக்காதே? முதலை கிடக்கும் குளத்தில் பிள்ளைக்கு நீச்சல் கற்றுக்கொடு என்கிறீர்கள். குளத்துக்கு வேலி போடு என்கிறேன் நான். 2020-இல் ஆன்லைன் வகுப்பு என்று சொல்லிக் கைப்பேசியைத் திணித்தவர்கள் நாம்தான். அதைத் திரும்ப வாங்கும் கடமையும் நமக்குத்தான் இருக்கிறது.

திருப்பூர் அம்மா:
உங்கள் இருவர் பேச்சிலும் எங்களைப் போன்றவர்களைக் காணோம். நான் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி. என் எண், என் ஃபேஸ்புக், என் வங்கிச் செயலி எல்லாம் அதில்தான். இரவு ஷிஃப்டு முடிந்து வந்து நான் தூங்கும்போது மகன் அதில்தான் பாடம் பார்க்கிறான். பிள்ளையின் கைப்பேசியில் கட்டுப்பாடு வையுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவனுக்கென்று கைப்பேசி இருந்தால்தானே? கணக்கு வைத்திருப்பது நான், பயன்படுத்துவது அவன். இந்தச் சுற்றறிக்கைக்கு நான் என்ன பதில் எழுத வேண்டும்?

டீச்சருக்கும் ஒன்று. பெற்றோருக்கு விழிப்புணர்வுக் கூட்டம் என்று எப்போதும் வேலை நாளில் மாலை மூன்று மணிக்கு வைக்கிறார்கள். ஒரு நாள் கூலியை விட்டு வரச் சொல்கிறீர்களா? போன முறை போய்வந்த பக்கத்து வீட்டு அக்கா, திரையில் முழுவதும் ஆங்கிலத்தில் ஓடியது என்றார்.

கணினி ஆசிரியை, தஞ்சை மாவட்டம்:
நியாயமான கோபம் அம்மா. இரண்டு வேலைகளை இன்றைக்கே செய்யலாம். வங்கிச் செயலியின் ரகசிய எண் (PIN) மகனுக்குத் தெரியக் கூடாது, தெரிந்திருந்தால் மாற்றுங்கள். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இரண்டாவது பயனரைச் சேர்க்கும் வசதி உண்டு. மகனுக்குத் தனியாக ஒன்று திறந்து கொடுத்தால் உங்கள் படங்களும் செய்திகளும் அவன் பக்கத்தில் வராது.

குழந்தைகள் வழக்கறிஞர்:
சட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். குழந்தையின் ஆபாசப் படத்தை வெளியிடுவதாக மிரட்டுவது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 11-ஆம் பிரிவில் வருகிறது. உண்மைப் படமாக இருக்க வேண்டியதில்லை, புனையப்பட்ட படமானாலும் குற்றமே. செயற்கை நுண்ணறிவில் முகத்தை ஒட்டிச் செய்ததும் இதில் அடங்கும். இப்படி நடந்தது தெரிந்தால் 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காத பெரியவருக்கு ஆறு மாதம் வரை சிறை. ஆகவே பாதிக்கப்பட்ட மாணவனுக்கு டி.சி. கொடுத்து விஷயத்தை மூடிவிடும் பள்ளி, தானே சிக்கிக்கொள்கிறது.

பெற்றோர் பலருக்குத் தெரியாத இன்னொன்று உண்டு. பதற்றத்தில் அந்தப் படத்தைச் சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் வகுப்பாசிரியருக்கும் ஆதாரம் என்று அனுப்பிவிடுகிறார்கள். அனுப்புவதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம். இத்தகைய படங்களை அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பது பற்றி உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் கடுமையாகத் தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்த ஒரு வழக்கைத்தான் மீண்டும் நடத்தச் சொன்னது. எனவே படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். மிரட்டல் செய்தி, கணக்கின் பெயர், பணம் கேட்ட எண் ஆகியவற்றைப் பத்திரப்படுத்திக்கொண்டு நேரே காவல் நிலையம் செல்லுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில், குழந்தை தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பிள்ளையே அழைக்கக்கூடிய குழந்தைகள் உதவி எண் 1098.

படம் பரவிவிடுமோ என்ற பயத்துக்கும் ஒரு வழி உண்டு. அமெரிக்காவின் காணாமற்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்தும் 'டேக் இட் டவுன்' சேவை இலவசம். படம் கைப்பேசியை விட்டு வெளியே போவதில்லை. அந்தப் படத்துக்குரிய ஓர் அடையாள எண் மட்டும் போகிறது. சேவையில் சேர்ந்துள்ள நிறுவனங்கள் அதை வைத்துத் தங்கள் தளத்தில் தேடி நீக்குகின்றன.

மதுரைத் தந்தை:
வழக்கறிஞர் ஐயா, இவற்றில் ஒன்றுகூட அந்தச் சுற்றறிக்கையில் இல்லை. 1098 என்ற எண்கூட இல்லை. அது பள்ளியின் குறைதான். இருந்தாலும் வயது வரம்பை விட மாட்டேன். பிரச்சினை வந்த பிறகு எங்கே ஓடுவது என்று சொல்கிறீர்கள், வராமல் தடுப்பதற்கு உங்கள் யாரிடமும் பதில் இல்லை.

கணினி ஆசிரியை, தஞ்சை மாவட்டம்:
இருக்கிறது ஐயா, பெரியவர்களிடமிருந்து தொடங்குங்கள். உங்கள் பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஆண்டு விழாப் படங்களில் பிள்ளையின் பெயர், வகுப்பு, பிரிவு எல்லாம் இருக்கும். பெற்றோர் மதிப்பெண் பட்டியலையே ஸ்டேட்டஸில் வைக்கிறோம். பழக்கம் காட்டிப் பேச வருகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பிள்ளைக்குத் தடை போடும் பள்ளி முதலில் அந்தப் படங்களை எடுக்கட்டும். சுற்றறிக்கையில் ஒரு வாக்கியத்தையும் மாற்றட்டும்: "இணையத்தில் யாரேனும் மிரட்டினால், விதியை மீறிக் கணக்குத் தொடங்கியிருந்தாலும், வந்து சொல்லும் மாணவர் மீது எந்த நடவடிக்கையும் எடுக்கப்படாது." இதைப் பிள்ளைகளுக்கு வகுப்பில் வாசித்துக் காட்ட வேண்டும்.

மதுரைத் தந்தை:
பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இந்த வாக்கியத்தை நானே முன்வைக்கிறேன். படங்களை நீக்கச் சொல்லியும் கேட்கிறேன். டி.சி. என்ற சொல்லை எடுக்கவும் சம்மதம். 16 வயதுக்கு முன் கணக்கு வேண்டாம் என்ற வரி மட்டும் இருக்க வேண்டும், அதில் உங்களோடு உடன்பட மாட்டேன்.

திருப்பூர் அம்மா:
அந்த வரி இருக்கட்டும் ஐயா, அதனோடு எனக்குச் சண்டை இல்லை. அம்மாவின் கைப்பேசியைப் பயன்படுத்தும் பிள்ளைக்கு என்ன விதி என்றும் அதே கூட்டத்தில் கேளுங்கள். கூட்டம் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் எங்களைப் போன்றவர்களும் வருவோம்.

குழந்தைகள் வழக்கறிஞர்:
இன்னொரு வரியும் சேர்க்கச் சொல்லுங்கள்: எந்த ஆசிரியரும் மாணவருக்குத் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது, எல்லாம் பெற்றோரும் இருக்கும் குழுவில்தான். இதற்கு ஆசிரியர் தரப்பில் எதிர்ப்பு வரும். தஞ்சை டீச்சர் என்ன சொல்கிறார்?

கணினி ஆசிரியை, தஞ்சை மாவட்டம்:
முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் வீட்டிலேயே ஆபத்து இருக்கும் பிள்ளை, பெற்றோர் இருக்கும் குழுவில் எதையும் எழுத முடியாது. அந்தப் பிள்ளை தனியாக வந்து பேசப் பள்ளியில் ஓர் ஆலோசகர் வேண்டும், அதையும் எழுதுங்கள்.